அட்டன் என்னும் மலைப்பட்டினம்

அமெரிக்க நாட்டின் வடகிழக்கு மூலையில் வெர்மான்ட் என்றொரு சிறு மாநிலம் உளது. அங்குள்ள பல சிற்றூர்களில், ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்து முதற் செவ்வாய்க்கிழமையன்று ஊரார் ஒரு மண்டபத்திற் கூடுவர். பாதைக்கு எவ்வளவு செலவிடுவது, வரி எவ்வளவு விதிப்பது என்பவற்றை அங்கேயே பேசித் தீர்ப்பர். சிறு பட்டினத்தின் பொது வாழ்வுக்கு இலக்கணம் கூற வந்தவர்கள் பலரும் இந்த ஊர்க்கூட்டத்தையே எடுத்துக்காட்டாகக் கூறுவர்.

நேயர்களே, நம் மலைநாட்டிலும் ஒரு சிறு பட்டினம் உண்டு. அதன் கதையோ முற்றிலும் வேறானது. அதனை வாழவைக்கும் மக்களிற் பெரும்பாலோர் அதற்குள் குடியிருப்பவர் அல்லர். அதன் நகரசபைத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கும் இல்லை. ஆயினும் அதனை அவர்கள் 'டவுன்' என்று சொல்லும்போது, உலகில் வேறு பட்டினமே இல்லாதது போன்ற ஓர் உரிமை அந்தச் சொல்லில் ஒலிக்கும். அதுதான் அட்டன்.

கொழும்புக் கோட்டையிலிருந்து மலையேறும் புகையிரதம் ஏறக்குறைய 173 கிலோமீற்றர் கடந்து, கடல் மட்டத்திற்கு 4,000 அடிக்கும் மேலே உள்ள இந்நிலையத்தை அடைகின்றது. இங்கிருந்து புறப்பட்டுக் கொட்டகலை செல்லும் வழியிற் சிங்கமலைச் சுரங்கம் குறுக்கிடும். கண்டிக்கு 1867இல் வந்த இருப்புப்பாதை, நாவலப்பிட்டிக்கு 1874இலும் நானுஓயாவுக்கு 1885இலும் வந்து சேர்ந்தது. இடையே 1884இல் அட்டன் நிலையம் எழுந்தது. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்து, அந்நிலங்களிலே தேயிலை தளிர்த்துக்கொண்டிருந்த காலம் அது. தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்கும், அரிசி மூட்டைகளை ஏற்றுவதற்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடமே ஊராயிற்று. பெயரும் இரவற் பெயர்தான். ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரின் பெயரைத் துரைமார் இங்குக் கொணர்ந்து நட்டனர். சுற்றுவட்டத் தோட்டங்களிலும் டன்பார், ஸ்ட்ராத்டன், நோர்வூட் என்று அவர்களுடைய பெயர்களே. எனினும் நெடுஞ்சாலை வளைவு ஒன்றுக்கு நம்மவர் 'மல்லியப்பூச் சந்தி' என்று பெயரிட்டு வழங்குகின்றனர். மணமுள்ள பெயர்!

இப்பட்டினத்தின் பெருமையை அறிய வேண்டுமானால், முதலில் தோட்டத்தை அறிதல் வேண்டும். விடியலிற் பிரட்டுக்கு நின்று, கங்காணி காட்டிய மலைக்குச் சென்று, கூடை சுமந்து கொழுந்து கொய்து, மாலையில் நிறுத்துக் கொடுத்த பின்னரே ஒரு நாட்பேர் விழும். எடை குறைந்தால் அரைப்பேர். லயத்துக் காம்பரா தோட்டத்தினுடையது, பிள்ளைக்காம்பராவும் தோட்டத்தினுடையது, மாரியம்மன் கோயில் நிற்கும் நிலமும் தோட்டத்தினுடையதே. அயலார் ஒருவர் லயத்துக்கு வருவதாயினும் துரையின் இசைவு வேண்டிய காலம் ஒன்றிருந்தது. அக்காலத்தில் ஒரு தொழிலாளி எவரையும் கேளாமல் நிற்கக்கூடிய நிலம், அரசினர் பெருவீதியும் அட்டன் கடைவீதியுமே. சட்டப்படி அவனுக்கு அங்கும் சொந்தமாக ஒரு சாண் இல்லை. ஆனால் அங்கு அவன் பெயர் செக்ரோலில் இல்லை.

இந்த வேற்றுமையை நன்குணர்ந்தவர் கோ. நடேசய்யர். தஞ்சைத் தரணியில் பிறந்து இலங்கைக்கு வந்த இவர், தோட்டங்களுக்குள் வெளிப்படையாய் நுழைய இயலாமற்போகவே, புடைவை வியாபாரி போல வேடமிட்டு லயங்களுக்குச் சென்று மக்களின் நிலையைக் கண்டறிந்தார் என்பது மலைநாட்டில் இன்றும் வழங்கும் செய்தி. 1931இல் இவர் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சம்மேளனம் ஒன்றை நிறுவியபோது, அதற்கு அட்டனையே நிலைக்களமாகக் கொண்டார். தோட்டத்தில் வாய் திறக்க இயலாதவன் பட்டினத்தில் திறக்கலாம் அல்லவா? இவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடியே மக்களைத் திரட்டினார். கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள், மேடையில் ஒரு பெண் நின்று உரிமை பேசுவதைக் கண்டனர். அது சிறிய செய்தியன்று. 1936இல் அட்டன் தொகுதி நடேசய்யரைச் சட்டசபைக்கு அனுப்பியது. 1947 வரை அவர் அங்கு இருந்தார், அவ்வாண்டிலேயே மறைந்தார்.

சம்பளம் போட்டபின் வரும் ஞாயிற்றுக்கிழமையன்று அட்டன் கடைவீதியைப் பார்த்தல் வேண்டும். டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய பக்கங்களிலிருந்து பேருந்துகள் வந்து கொட்டிய வண்ணம் இருக்கும். மாவும் அரிசியும் கருவாடும் வாங்குவோர் ஒருபுறம். பிள்ளையின் பள்ளிச் சப்பாத்துக்கு விலை பேசுவோர் மறுபுறம். பெண்ணொருத்தி சேலையைத் தொட்டுப் பார்ப்பாள், விரித்துப் பார்ப்பாள், மீண்டும் மடித்து வைத்துவிட்டுப் போவாள். கொழுந்து கொய்பவள் அவள். ஆனால் அவள் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ சென்று வாங்கும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலவிற்று. அடகுக்கடையும் சாராயக்கடையும் தத்தம் பங்கை எடுத்த பிறகே சேலைக்கடையின் முறை. இதனை மறைத்துவிட்டு இப்பட்டினத்தைப் புகழ்வது நேர்மையாகாது.

ஆயினும் அன்று நடப்பது வாங்கலும் விற்றலும் மட்டுமன்று. ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட மகள், வேறொரு தோட்டத்திலிருக்கும் தாயைக் கடைவாசலிற் சந்திப்பாள். தேத்தண்ணிக் கடைப் பலகையிலமர்ந்து சம்பந்தம் பேசி முடிப்பார்கள். தொழிற்சங்க அலுவலகத்து மாடிப்படியில், மறுக்கப்பட்ட பேருக்கு நியாயம் கேட்கத் தலைவர்மார் காத்திருப்பர். தீபாவளி முற்பணம் கொடுத்த வாரத்திலோ நடக்கவே இடமிராது. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர் பொதிகளோடு வந்திறங்கும் நாட்களும் அவையே. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர் இவ்வூரில் இறங்கி நல்லதண்ணிக்குப் பேருந்து ஏறுவர். அக்காலத்தில் ஒரே தேத்தண்ணிக் கடையில் சிங்களமும் தமிழும் கலந்து ஒலிக்கும். மாணிக்கப் பிள்ளையார் கோயிலும், திருச்சிலுவைத் தேவாலயமும், பள்ளிவாசலும், விகாரையும் ஒரு நடைத் தூரத்திற்குள் அமைந்தவை.

கல்வியைப் பற்றியும் ஒரு சொல். தோட்டப் பள்ளிகள் சில வகுப்புகளோடு நின்றுவிட்ட காலத்தில், மேலே படிக்க விரும்பிய பிள்ளை அட்டனுக்குத்தான் வரவேண்டியிருந்தது. மெதடிஸ்த மிஷனார் 1892இல் தொடங்கிய பள்ளியே இன்று ஹைலண்ட்ஸ் கல்லூரியாக விளங்குகின்றது. லயத்திலிருந்து ஆசிரியரும் எழுத்தாளரும் வழக்கறிஞரும் தோன்றியதில் இத்தகைய பட்டினப் பள்ளிகளின் பங்கு பெரிது.

இனி, வருத்தமான ஒரு பகுதி. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், அதனையடுத்து வந்த சட்டங்களும் அவ்வாக்காளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கின. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த உடன்படிக்கைப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இற் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். கணக்கு நேராயிற்று; குடும்பங்கள் நேராகவில்லை. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று கடிதங்கள் வந்தன. கடவுச்சீட்டுக்கெனப் பட்டினத்துப் புகைப்படக் கடைக்குச் சென்று குடும்பமாக நின்றார்கள். பிறகு ஒருநாள் தகரப் பெட்டிகளோடு புகையிரத மேடைக்கு வந்தார்கள். வழியனுப்ப லயமே திரண்டு வந்தது. கோச்சி நகர்ந்ததும் மேடையில் எழுந்தது இழவு வீட்டு ஒப்பாரி. தலைமன்னார் வரை கோச்சி, பின்னர் இராமேசுவரத்துக்குக் கப்பல். நீலகிரித் தேயிலை மலைகளுக்குப் போய்ச் சேர்ந்தவர் பலர். போரினால் 1984இற் கப்பல் நின்றது. இங்கு எஞ்சியவர்க்கு 2003இற் சட்டம் குடியுரிமை அளித்தது.

வாக்கு மீண்டது. ஆனால் வெர்மான்ட் ஊரார் கைதூக்கித் தீர்க்கும் பாதைக் கணக்கு இங்கே தீரவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர், அம்மக்களின் லயத்துப் பாதைக்கு ஒரு கூடைக் கல் போட இயலாதிருந்தார்! 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலுடன் அம்பகமுவைப் பிரதேச சபையும் மூன்றாகப் பிரிந்து, மஸ்கெலியாவும் நோர்வூட்டும் தனிச் சபைகளாயின.

அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் நிலமும் தனி வீடும் பெற்ற குடும்பங்கள் சில உண்டு. அவ்வீடுகளின் கதவில் எண் இருக்கின்றது. லயத்தில் இருப்போர் பலருக்கோ இன்றும் கடிதம் தோட்ட அலுவலகத்தின் வழியே வந்து சேர்கின்றது. ஆதலால் வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை, நேர்முகத் தேர்வுக் கடிதம் பிந்திவிடக்கூடாதென்று, அட்டன் கடைவீதியில் தனக்குப் பழக்கமான ஒரு கடையின் விலாசத்தைக் கொடுப்பதுண்டு. கடைக்காரர் அதனைக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்திற் செருகி வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை வரும் தாயிடம் கொடுத்தனுப்புவார்.