குருதியிலும் நிறம் கண்டார்!

கருப்பரைக் கீறினாலும் வெள்ளையரைக் கீறினாலும் வருவது சிவப்பு இரத்தந்தான். இதை அறிந்துகொள்ளக் கல்லூரி வாயிலை மிதிக்க வேண்டியதில்லை. கதிர் அறுக்கையிலே கைவிரலை அறுத்துக்கொண்ட உழவனைக் கேட்டாலே சொல்லிவிடுவான். ஆனால், வானைத் தொடும் மாளிகைகளை எழுப்பிய அமெரிக்கா, விந்தைக் கருவிகளை வகைவகையாய் உலகுக்கு வழங்கிய அமெரிக்கா, 1941 முதல் 1950 வரை ஒன்பது ஆண்டுக் காலம் இந்தச் சின்னஞ்சிறு உண்மைக்கு எதிராக விதி வகுத்துக்கொண்டு வாழ்ந்தது. விதி வகுத்தவர் யார்? முகமூடி அணிந்து தீவட்டி ஏந்தித் திரிந்த நிறவெறிக் கும்பலா? அவர்கள் வகுத்திருந்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வகுத்தது, துன்பம் துடைக்கவென்றே தோன்றிய அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம்!

சங்கத்தின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன்; சொல்லாமல் சாடுவது நியாயமாகாது. 1881-ஆம் ஆண்டு அதைத் தொடங்கியவர் கிளாரா பார்ட்டன் அம்மையார். உள்நாட்டுப் போரின்போது களத்துக்கே சென்று காயம்பட்டோருக்குக் கட்டுப் போட்டவர். 1889 மே 31-இல் பென்சில்வேனியா மாநிலத்தில் அணை உடைந்து, ஜான்ஸ்டவுன் என்ற தொழில் நகரம் வெள்ளத்தில் அழிந்தது. மாண்டோர் 2,209 பேர். சில நாட்களுக்குள் அம்மையார் அங்கே இருந்தார். வயது 67! வந்தோம், கண்ணீர் விட்டோம், திரும்பினோம் என்று இருந்தாரா? இல்லை. ஐந்து மாத காலம் அந்தச் சேற்றிலேயே தங்கி, வீடிழந்தோர்க்கு விடுதி கட்டி, உணவும் உடையும் தட்டுமுட்டுச் சாமானும் வழங்கிய பிறகே ஊர் திரும்பினார். 1900-இல் கால்வெஸ்டன் நகரைப் புயல் புரட்டிப் போட்டபோது 78 வயதில் அங்கும் போய் நின்றார். அப்படி வளர்ந்த சங்கம் அது. ஆகவேதான் அதன் மேல் விழுந்த கறை கண்ணை உறுத்துகிறது.

கறை எப்படி விழுந்தது? அதைச் சொல்ல ஒரு கருப்பு மருத்துவரின் கதையைச் சொல்ல வேண்டும்.

சார்லஸ் டிரூ. 1904-இல் வாஷிங்டனில் பிறந்தவர். தந்தையார் தரைவிரிப்புப் போடும் தொழிலாளி. கருப்பருக்கு மருத்துவக் கல்லூரிக் கதவுகள் பெரும்பாலும் அடைபட்டிருந்த காலம். கனடா நாட்டு மான்ட்ரீல் நகருக்குச் சென்று, மக்கில் பல்கலைக்கழகத்தில் 1933-இல் மருத்துவரானார். பின்னர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், எடுத்த குருதியைக் கெடாமல் சேமித்து வைப்பது எப்படி என்று ஆராய்ந்து, 1940-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டு லண்டன் மாநகர் மீது நாஜி விமானங்கள் குண்டு பொழிந்தன. இடிபாடுகளிலிருந்து இழுத்தெடுக்கப்பட்டவர்களுக்கு வேண்டியது குருதி. கடல் கடந்து குருதியை அப்படியே அனுப்பினால் கெட்டுவிடும். அணுக்களை நீக்கி, எஞ்சும் இளமஞ்சள் நீரான பிளாஸ்மாவை அனுப்பினால் கெடாது. இன்ன பிரிவு என்று பொருத்தம் பார்க்கும் தொல்லையும் இல்லை. நியூயார்க் மருத்துவமனைகளில் திரட்டும் அந்தப் பணியைச் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து நடத்திற்று. ஒழுங்குபடுத்தும் பொறுப்பு டிரூவின் தோளில் ஏறியது. ஆளுக்கொரு முறை, இடத்துக்கொரு வழக்கம் என்று கிடந்ததை ஒரே முறையாக்கினார். 1941 ஜனவரிக்குள் சுமார் 14,500 முறை குருதி பெறப்பட்டது. 5,000 லிட்டருக்கும் மேலாகப் பிளாஸ்மா பிரிட்டனுக்குப் போயிற்று. அடுத்த மாதமே, அமெரிக்கப் படைகளுக்காகச் சங்கம் தொடங்கிய குருதி வங்கியின் முன்னோடித் திட்டத்தையும் நடத்திக் காட்டினார்; ஏப்ரலில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு அறுவை மருத்துவப் பேராசிரியராகத் திரும்பினார்.

அதன் பிறகு வெளிப்பட்டது விதி. குருதி திரட்டுவது படைகளுக்காக. கருப்பர் குருதி வேண்டாம்!

வழி வகுத்தவரே கருப்பர். அந்த விதிப்படி டிரூ கையை நீட்டினால், டிரூவின் குருதியே தள்ளுபடி! இதைவிடக் கேலிக்கூத்து வேறு உண்டோ?

காரணம் கேட்கிறீர்களா? காரணந்தான் இந்தக் கதையின் கொடுமையான பகுதி. அறியாமையால் செய்தார்கள் என்றால் மன்னித்துவிடலாம். குருதியில் பிரிவுகள் உண்டு என்பதையும், அவை தோலின் நிறத்தோடு ஒட்டியவையல்ல என்பதையும் உலகம் அறிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. 1901-இல் பிரிவுகளைக் கண்டறிந்து 1930-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் லாண்ட்ஸ்டைனர், அந்த நாளில் நியூயார்க்கிலேயே வாழ்ந்துகொண்டிருந்தார்! ராணுவத்தின் தலைமை மருத்துவ அதிகாரி 1941-இல் எழுதிய கடிதத்தில் ஒளிவு மறைவே இல்லை: உடற்கூற்று நோக்கில் இதற்குத் தக்க காரணம் இல்லைதான், எனினும் அமெரிக்காவில் மனநிலையைக் கருத வேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம். அதாவது, பொய் என்று தெரியும். பொய்யை நம்புவோர் மனம் நோகக்கூடாது!

யாருடைய மனம்? டெட்ராய்ட் நகரில் 1941 டிசம்பரில் குருதி கொடுக்கப் போய், நிறத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டாரே ஒரு பெண்மணி, அவருடைய மனமா? ஜப்பானிய விமானங்கள் முத்துத் துறைமுகத்தைத் தாக்கி நாடே கொதித்திருந்த நேரம் அது. தன் குருதியைத் தன் நாட்டுக்குத் தர வந்தவருக்கு வேண்டாம் என்ற சொல்தான் கிடைத்தது. அவர் வாளா இருக்கவில்லை; குடியரசுத் தலைவரின் மனைவியாருக்கே கடிதம் எழுதினார்.

எதிர்ப்புக் கிளம்பிற்று. கருப்பின ஏடுகள் கனல் கக்கின. தொழிற்சங்கங்கள் கேட்டன, விஞ்ஞானிகள் கேட்டனர். 1942 ஜனவரியில் சங்கம் இறங்கி வந்தது. எவ்வளவு தூரம்? ஒரு படி. இனிக் கருப்பர் குருதியும் பெறப்படும். ஆனால் தனியாகப் பெறப்படும், தனியாகப் பதப்படுத்தப்படும், தனிச்சீட்டு ஒட்டித் தனியாக வைக்கப்படும்! தேநீர்க் கடையிலே தனிக்குவளை கண்ட நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. குவளை அங்கே புட்டியாயிற்று, அவ்வளவுதான்.

எண்ணிப் பாருங்கள். பெர்லினிலே ஒருவன் இரத்தத் தூய்மை பேசி உலகைக் கொளுத்தினான். அவனை ஒழிக்கப் புறப்பட்ட படையின் மருந்துப் பெட்டிக்குள்ளேயே இரத்தத் தூய்மை! சீட்டைக் கிழிக்கச் சொன்னவர்களை, கம்யூனிஸ்டுகள் என்றும் கலப்பினம் உண்டாக்கச் சதி செய்வோர் என்றும் மிசிசிப்பியின் ஜான் ராங்கின் நாடாளுமன்றத்திலேயே ஏசினார். போர் முடிவதற்குள் சங்கம் திரட்டிய குருதி 1 கோடியே 30 லட்சம் பைண்ட்டுக்கும் அதிகம். மகத்தான பணி, மறுக்கவில்லை. அந்த மகத்தான பணி நெடுகிலும் ஒட்டியிருந்தது அந்தச் சீட்டு.

சங்கத்துக்காக வாதாடுவோர் சொல்வார்கள்: ‘ராணுவம் கேட்டது, சங்கம் கொடுத்தது. நாடாளுமன்றத்தின் பட்டயம் பெற்ற அமைப்பு, போர்க்காலத்தில் அரசை எதிர்த்து நிற்குமா?’ நல்ல கேள்வி. ஆனால் செஞ்சிலுவை பிறந்ததே எப்படி? 1859-இல் சோல்ஃபெரினோ போர்க்களத்தின் அருகே, காயம்பட்டவன் எந்தப் படையினன் என்று பாராமல் தண்ணீர் வார்த்த கிராமத்துப் பெண்களைப் பார்த்து, ஹென்றி டுனான் கண்ட கனவல்லவா அது? எதிரியின் காயத்துக்கே வேற்றுமை பாராத கொடி, உள்நாட்டுக் குடிமகனின் குருதிக்கு வேற்றுமை பார்த்தது. நிறம், சமயம், வகுப்பு எதையும் பாராமை என்பதைச் செஞ்சிலுவை இயக்கத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாக வியன்னா மாநாடு எழுதி அறிவித்தது 1965-இல்தான்.

டிரூ வெளிப்படையாகவே பேசினார்: இந்தப் பாகுபாட்டுக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை என்றார். 1950 ஏப்ரல் 1-ஆம் நாள், மருத்துவக் கூட்டத்துக்காக டஸ்கீகி நோக்கிக் காரில் போகையில், வட கரோலினாவில் விபத்துக்குள்ளாகி இறந்தார். வயது 45. குருதி வங்கி கண்டவருக்கே வெள்ளையர் மருத்துவமனை குருதி தர மறுத்துச் சாகவிட்டது என்று ஒரு கதை உலவுகிறது. மேடைக்கு ஏற்ற கதை, கைதட்டல் நிச்சயம். ஆனால் உண்மையன்று. வெள்ளை மருத்துவர்கள் அவரைக் காப்பாற்ற முயன்றார்கள். உடன் சென்ற மருத்துவரே அப்படிச் சொன்னார். நடந்த கொடுமையே மலைபோல் இருக்க, நடக்காததைச் சேர்ப்பானேன்?

அந்த ஆண்டின் இறுதியில்தான் சங்கம் சீட்டைக் கிழித்தது. அதைக் காண அவர் இல்லை. சங்கம் திருந்திய பிறகும் தென்மாநிலங்கள் திருந்தவில்லை. 1958-இல் லூயிசியானாவும் 1959-இல் ஆர்கன்சாவும் குருதியைப் பிரித்து வைக்கச் சட்டமே செய்தன. ஆர்கன்சாவில் அது நீங்கியது 1969-இல்; லூயிசியானாவில் 1972-இல். மனிதன் நிலவில் காலடி வைத்து மூன்றாண்டு கழித்து!

இன்று அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வேண்டிய குருதியில் ஏறத்தாழ 40 விழுக்காடு தருவது இதே சங்கம். அரிவாளணுச் சோகை என்று ஒரு நோய். செவ்வணு அரிவாள்போல் வளைந்து, குழாய்களில் சிக்கி, உயிரை வதைக்கும். அந்நாட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு இருக்கிறது. பெரும்பாலோர் ஆப்பிரிக்க வழியினர். திரும்பத் திரும்பக் குருதி ஏற்றப்பெறுவோருக்கு ஏ, பி, ஓ மட்டும் பார்த்தால் போதாது. நுண்ணிய கூறுகளும் பொருந்த வேண்டும். அந்தப் பொருத்தம் கருப்பினக் கொடையாளர் மூவரில் ஒருவரிடம் கிடைக்கிறது. தோலைப் பார்த்து ஒட்டும் சீட்டல்ல இது. ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு புட்டியையும் சோதித்துக் காணும் பொருத்தம். வெள்ளையரிடம் பொருந்தினால் வெள்ளையர் குருதியும் ஏறும்.

2021-இல் சங்கம் இதற்கென்றே ஒரு தனி முயற்சியைத் தொடங்கிற்று. கருப்பின மக்களின் அமைப்புகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, குருதி தாருங்கள் என்று கேட்கிறது. கொடுக்கிறார்கள். தேவைக்குப் போதவில்லை, இன்னும் பலர் முன்வர வேண்டும் என்று சங்கம் சொல்லிக்கொண்டிருக்கிறது.