கலவையில் அளவும் பெயரும்



பாயசம் காய்ச்சும் வீட்டில் இரண்டு கேள்விகள் எழுவதுண்டு. இனிப்பு எவ்வளவு இடுவது என்பது ஒன்று. இடுவது சீனியா, சர்க்கரையா, பனங்கட்டியா என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை எண்ணாக வரும். இரண்டாவதற்குப் பெயராக வரும். இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக் கணனியிடம் ஒப்படைத்து, அது வகுக்கும் திட்டப்படி மருந்து செய்யப் புறப்பட்டால் நேர்வது யாது என்பதையே இன்று கூற எண்ணுகிறேன்.

ஆர்.என்.ஏ. என்னும் நொய்ய மூலக்கூற்றை உடற்கலங்களினுள் கொண்டு சேர்ப்பதற்கு, இலிப்பிட்டு எனப்படும் கொழுப்புப் பொருள்களாலான நுண்துணிக்கை பயன்படுகிறது. அதில் நான்கு கூறுகள் உள. முதலாவது, அமிலச் சூழலில் மின்னேற்றம் பெறும் இலிப்பிட்டு. ஏனையவை பொசுபோ இலிப்பிட்டு, கொலஸ்திரோல், பெக் என்னும் சங்கிலி பூண்ட இலிப்பிட்டு. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒன்பட்ரோ என்னும் மருந்தில் இவை, மூலக்கூறுகளின் எண்ணிக்கைப்படி, 50, 10, 38.5, 1.5 என்ற வீதத்தில் அமைந்தன. மொடேர்னா நிறுவனத்தின் கொவிட் தடுப்பூசியிலும் அதே வீதமே. ஆயினும் முதற் கூறாக ஒன்பட்ரோவில் நின்றது எம்.சி.3 என்னும் பொருள். மொடேர்னாவில் நின்றது எஸ்.எம்.-102. எண்கள் நான்கும் ஒன்றாயிருக்கப் பெயர் மாறிவிட்டது. பைசர் தடுப்பூசியிலோ பெயரும் வேறு, ஏ.எல்.சி.-0315, அளவும் வேறு, 46.3.

கலவைப் பரிசோதனைக்கெனத் தனிக் கணிதம் வகுத்துக் காட்டியவர் ஹென்றி ஷெஃபே என்னும் அமெரிக்கப் புள்ளிவிவர அறிஞர், ஆண்டு 1958. கலவையில் ஒரு கூற்றைக் கூட்டினால் மற்றொன்று குறைந்தே தீரும். மொத்தம் நூற்றைத் தாண்டாது. ஆகையால் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே நிறுத்தும் வழக்கமான முறை இங்குச் செல்லாது.

இக்காலப் பரிசோதனைத் திட்ட மென்பொருள்கள் இக்கணிதத்தை அறிந்தவை. பயில்வோர் தவறுவது அவற்றுக்குச் செய்தி சொல்லும் இடத்திலேதான். மூன்று முதற்பொருள்களை ஒப்பிட விரும்பும் ஒருவர், மூன்றையும் மூன்று கலவைக் கூறுகளாகப் பதிகிறார். நான்கு கூறுகள் ஆறாகின்றன. கணனி என்ன செய்யும்? மூன்றையும் ஒரே குடுவையில் பங்கிட்டு ஊற்றச் சொல்லும்! மூன்றையும் கலந்து பார்ப்பதே நோக்கமாயின் அது சரிதான். ஒரு வேளைக்கு ஒன்றே என்பது நோக்கமாயின், விலையுயர்ந்த பொருளும் வாரக்கணக்கான உழைப்பும் கேளாத கேள்விக்கு விடை தேடிக் கழியும். கூறுகளின் கூட்டுத்தொகைக்கு எல்லை வகுத்தும் இதனைத் தடுக்கவியலாது. தனி எம்.சி.3 ஆகும், தனி எஸ்.எம்.-102 ஆகும் என்றால், அத்தகைய எல்லைகளுக்குள் இரண்டிலும் பாதிப் பாதியும் தானாகவே அடங்கிவிடும்.

செய்யத்தக்கது இது. கலவைக் கூறுகள் நான்கையே பதிந்து, ஒவ்வொன்றுக்கும் கீழெல்லை மேலெல்லை கொடுக்க வேண்டும். பின்னர், கலவைக்குப் புறம்பாக, "முதற்பொருளின் வகை" என்று ஒரு வகைக் காரணியைச் சேர்த்து, மூன்று பெயர்களையும் அதன் நிலைகளாக எழுத வேண்டும். அப்போது ஒவ்வொரு குடுவைக்கும் நான்கு எண்களும் ஒரு பெயரும் கிடைக்கும்.

இதற்கும் விலை உண்டு. நான்கு கூறுகளுக்கு நான்கு உறுப்புகள், இவ்விரண்டாகச் சேர்த்தால் மேலும் ஆறு, ஆகப் பத்து. ஒவ்வொரு வகைக்கும் இவை தனித்தனியே மாறலாமெனக் கொண்டால் முப்பது. முப்பதையும் மதிப்பிட முப்பது குடுவைகளேனும் வேண்டும். பிழையின் அளவை அறியவும் விரும்பினால் அதுவும் போதாது.

சமன்பாட்டிலும் ஒரு பொறி உண்டு. வகைக் காரணியை நான்கு கூறுகளோடும் பெருக்கிச் சேர்த்தபின், அதனைத் தனி உறுப்பாகவும் சேர்த்தலாகாது. நான்கு கூறுகளும் கூடி ஒன்றாதலின், பெருக்கிய நான்கின் கூட்டுத்தொகையே அத்தனி உறுப்பு. ஒரே செய்தியை இருமுறை கேட்ட கணனி, எதனை எதில் ஏற்றுவதென்று தெரியாது நிற்கும்.

இன்னொன்று, முதற்பொருளின் கீழெல்லை. அதனைப் பூச்சியமாக விட்டால், அப்பொருள் சிறிதும் இல்லாத குடுவைக்கும் கணனி ஒரு பெயரைச் சூட்டிவிடும். சர்க்கரையே இடாத பாயசத்தைச் சர்க்கரைப் பாயசமென்று அழைப்பதை ஒக்கும் அது. அக்குடுவைகள் மூன்றும் உண்மையில் ஒன்றே. ஏட்டில் மட்டும் மூன்று. ஆதலின் கீழெல்லையை, எடுத்துக்காட்டாக, 30 நூற்றுவீதத்தில் வைத்துத் தொடங்குவது நன்று.