மிருகக் காட்சி சாலையும் சேவைப் பிராணிகளும்

மனிதனுக்கு ஊழியம் புரியும் பிராணிகள் பலவகைப்படும். ஊருக்குள் புகுந்த காட்டு யானையைப் பிடிக்கக் கும்கி யானை உதவுகிறது. மறைத்துக் கடத்தப்படும் புலித்தோலையும் எலும்பையும் மோப்ப நாய் கண்டுபிடிக்கிறது. பார்வையிழந்தோரை வழிகாட்டி நாய் பத்திரமாக அழைத்துச் செல்கிறது. கடைசியாகக் கூறப்பட்ட நாய் தன் எசமானரை விட்டு எளிதில் பிரிவதில்லை. அவர் மிருகக் காட்சி சாலையைக் காண வரும்பொழுது, அதனை உள்ளே அனுமதிப்பதா, வாயிலில் நிறுத்துவதா என்ற வினா எழுகின்றது. நம் நாட்டில் வழிகாட்டி நாய்கள் மிகச் சிலவே. எனினும் இவ்வினாவில் அடங்கிய உண்மைகள் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருக்கத் தக்கவை.

ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த வண்டன்மேட்டு மக்களுக்கு இதன் அடிப்படை புதியதன்று. அவர்கள் வாழும் இடுக்கி மாவட்டத்திலேயே, சின்னக்கானலில் 2023 ஏப்ரல் 29ஆம் நாள் அரிக்கொம்பன் என்னும் காட்டு யானையைப் பிடிக்க நான்கு கும்கிகள் பயன்படுத்தப்பட்டன. பழக்கிய விலங்கு காட்டு விலங்கை நெருங்குவது அங்கே தடை செய்யப்படவில்லை. ஆனால் அது குறித்த பணிக்காக, பாகனின் கட்டுப்பாட்டில், குறித்த கால அளவுக்கு மட்டுமே நிகழ்ந்தது. மிருகக் காட்சி சாலைக்கு வேண்டிய விதியும் இந்த நெறியைத் தழுவியதே.

தடைக்குரிய காரணங்கள்

முதற் காரணம் அச்சம். மான் இனங்களுக்கு நாய் இயற்கைப் பகை. நாயின் உருவமோ வாடையோ பட்டவுடன் மான் கூட்டம் வெருண்டு வேலியில் மோதக்கூடும். கழுத்தும் காலும் முறிவது ஒருபுறமிருக்க, கடும் அச்சத்தாலும் ஓட்டத்தாலும் தசைகள் சிதைந்து, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ மான் இறந்துபடுதலும் உண்டு. மாறாக, புலி, சிறுத்தை முதலியவை நாயை இரையாகக் கருதிக் கிளர்ச்சியுறும். அவ்வேளையில் நாயும் தன் பயிற்சியை மறந்து தடுமாறினால், அதனை நம்பி நடப்பவருக்கே ஆபத்து நேரும்.

இரண்டாவது காரணம் நோய். நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்னும் நோயின் வைரஸ், மனிதருக்குத் தட்டம்மை உண்டாக்கும் வைரஸின் இனத்தைச் சேர்ந்தது. மூச்சிலும் சளியிலும் வெளிப்படும் இது, நாயினத்தை மட்டுமன்றிச் சிங்கம், புலி முதலியவற்றையும் தாக்கவல்லது. 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிப் பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் இந்நோய்க்கு இரையாயின. சுற்றுக் கிராமங்களின் நாய்களோடு அக்கொள்ளைநோய் தொடர்புபடுத்தப்பட்டது. நம் நாட்டில் 2018 செப்டம்பரில் தொடங்கி ஏறத்தாழ மூன்று வாரங்களில் குஜராத்தின் கீர் வனத்தில் 23 சிங்கங்கள் மாண்டன. டிஸ்டெம்பர் வைரஸும், உண்ணிகளால் பரவும் ஒட்டுண்ணி நோயும் இம்மரணங்களுக்குக் காரணமாகக் கூறப்பட்டன. நாய்களின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸோ மண்ணில் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். நாயின் பாதமும் மனிதரின் காலணியும் அதனைச் சுமந்து செல்லும்.

சட்டத்தின் நிலை

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் சேர்க்கப்பட்ட 33அ பிரிவு, சரணாலயத்தினுள்ளும் அதிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவுக்குள்ளும் வளர்க்கப்படும் கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பு ஊசி இடுவதற்கான நடவடிக்கை எடுக்குமாறு பணிக்கின்றது. ஆனால் கால்நடை என்னும் சொல்லுக்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் பெயர் குறித்து எண்ணப்பட்டவற்றுள் நாய் இல்லை. ஆகவே நாய்களின் தடுப்பு ஊசி, அவற்றை வளர்ப்போரின் பொறுப்புணர்ச்சியையே பெரிதும் சார்ந்து நிற்கின்றது.

மிருகக் காட்சி சாலைகளில் பார்வையாளரின் வளர்ப்புப் பிராணிகள் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. மறுபுறம், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மாற்றுத்திறனாளிகள் பிறரோடு சமமாகப் பங்குகொள்ள வேண்டும் என்கின்றது. இவ்விரண்டையும் இணக்குவதே நல்ல விதியின் பணி.

அமெரிக்க நாட்டில் பயிற்சி பெற்ற சேவை நாயைப் பொது இடங்களில் தடுக்கலாகாது என்பது சட்டம். அச்சட்டத்தின் கீழும், காட்சி விலங்குகள் நாய்க்கு இயற்கையான இரையாகவோ பகையாகவோ இருந்து, நாயின் வருகையால் அவை கலக்கமுறும் பகுதிகளில் மிருகக் காட்சி சாலை அதனைத் தடுக்கலாம். தடை அப்பகுதிகளுக்கு மட்டுமே உரியது. முழுச் சாலைக்கும் அன்று.

நல்ல விதியின் கூறுகள்

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் கூறுகள் பெறப்படுகின்றன:

1. வளர்ப்புப் பிராணி வேறு, பயிற்சி பெற்ற சேவைப் பிராணி வேறு என்ற பாகுபாடு தெளிவாக எழுதப்பட வேண்டும்.
2. வருகையை முன்னரே தெரிவிக்க வசதி இருத்தல் வேண்டும். காவலருக்கு அதற்கான அறிவுரை தரப்பட வேண்டும்.
3. வெறிநாய்க்கடி நோய், டிஸ்டெம்பர், பார்வோ ஆகியவற்றுக்குத் தடுப்பு ஊசி போடப்பட்டதற்கான சான்று காட்டப்பட வேண்டும்.
4. மான், ஊன் உண்ணிகள், திறந்தவெளிப் பறவைகள் ஆகியவற்றின் அருகே நாய் செல்லாத எல்லைகள் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும்.
5. நாய் வார் பூட்டியே இருக்க வேண்டும். விலங்கு கலக்கமுற்றால் உடனே விலக வேண்டும்.
6. நாய் செல்லாத இடத்தில் எசமானரைக் கையைப் பற்றி அழைத்துச் செல்ல ஓர் ஊழியரும், நாய்க்கு நிழலும் நீரும் உள்ள காவல் இடமும் வேண்டும்.

ஆறாவது கூறு இல்லையேல் மற்ற ஐந்தும் வெறுந் தடைகளாய் முடியும். நாயை நிறுத்துவது எளிது; நாய் செய்த பணியை வேறொருவர் ஏற்காவிடில், நிறுத்தப்படுபவர் அந்த மனிதரே.

ஊரில் செய்யத்தக்கவை

வண்டன்மேடு அடங்கிய உடும்பன்சோலை வட்டத்திலேயே மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 2003இல் அறிவிக்கப்பட்டது. தேக்கடியின் பெரியாறு புலிகள் காப்பகமும் இம்மாவட்டத்தைச் சார்ந்ததே. இத்தகைய காடுகளுக்கு வாயிற்காவலர் எல்லாத் திசையிலும் இல்லை. தோட்டத்துக் காவல் நாய் ஓடையைத் தாண்டினால் காட்டுக்குள் நுழைந்துவிடும். எனவே களப்பணியாளர் தோட்டந்தோறும் நாய்களுக்கு உரிய காலத்தில் தடுப்பு ஊசி இடச் செய்தல் வேண்டும். கண்ணிலும் மூக்கிலும் சீழ்வடிதல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு ஆகிய குறிகள் கண்டால் நாயைக் கட்டி வைத்துக் கால்நடை மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும்.

ஆசிரியர்கள், மாணவரைத் திருவனந்தபுரம் மிருகக் காட்சி சாலை போன்ற இடங்களுக்கு அழைத்துச் செல்லுமுன், பார்வைக் குறைபாடுடைய மாணவர் உள்ளனரா என்பதை நிர்வாகத்துக்கு எழுதித் தெரிவிப்பது நலம். விலங்கின் குரலைக் கேட்பதும், உதிர்ந்த கொம்பையும் இறகையும் நிர்வாகத்தின் இசைவுடன் தொட்டறிவதும் அம்மாணவருக்கும் உரியன. வாயிலில் எழுதப்பட்ட விதியின் காரணத்தை அங்கேயே நின்று மாணவருக்கு விளக்கினால், அதுவும் அன்றைய பாடத்தின் ஒரு பகுதியாகும்.