கர்ப்பிணிகளும் குளுக்கோசுச் சோதனையும்

சென்ற ஆண்டு எம் பெறாமகள் கருவுற்றிருந்தபோது, 24ஆம் வாரத்துக்கும் 28ஆம் வாரத்துக்கும் இடையிற் செய்யப்பெறும் குளுக்கோசுச் சோதனைக்கு நாள் குறித்தனர். அவளோ பரீட்சைக்கு அஞ்சும் மாணவியைப் போன்று, மூன்று நாள் முன்னரே சோற்றையும் பாணையும் அறவே விட்டொழித்தாள். "சீனி கூடினால் எல்லாரும் என்னைத்தானே ஏசுவார்கள், சித்தப்பா" என்றாள்.

அங்ஙனம் செய்தல் பெரும் பிழை. மாச்சத்துக் குன்றிய உடல், திடீரென வரும் குளுக்கோசைச் செவ்வனே கையாளமாட்டாது. இல்லாத நோயும் இருப்பதுபோற் காட்டும். அவள் உண்மையைக் கூறவே, தாதி சோதனையை ஒரு வாரம் தள்ளிவைத்தார்.

முதல் மூன்று நாளும் வழமையான உணவே வேண்டும். பின்னர் இரவில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாத பட்டினி. தண்ணீர் பருகலாம், தேநீர் ஆகாது. (எம் வீட்டுப் பெண்களுக்கு இதுவே பெருந்தவம்!) காலையில் குருதி எடுத்தபின், 75 கிராம் குளுக்கோசு கரைத்த நீரை ஐந்து நிமிடத்துள் அருந்தி, ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் மீண்டும் குருதி கொடுத்தல் வேண்டும். இடையில் உலாவாது அமர்ந்திருத்தல் நன்று. வாந்தி எடுப்பின் மறைத்தலாகாது.

உலக சுகாதார நிறுவனம் 2013இல் வகுத்த எல்லைகள், ஒரு டெசிலீற்றருக்கு முறையே 92, 180, 153 மில்லிகிராம். ஒன்றை எட்டினும் நீரிழிவு எனக் கொள்வர். சூல்வித்தகம் சுரக்கும் ஓமோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதே இதற்குப் பெருங்காரணம். ஏசுவார் இதனை அறியார்.

பெறாமகளுக்கு இரண்டாம் மணி அளவு எல்லையைக் கடந்தது. இம்முறை அவள் சோற்றை விடவில்லை; அளவைக் குறைத்து, மாலைதோறும் எம்முடன் நடந்தாள்.