பல்லில் தெரிந்த தீர்மானம்

உங்கள் வீட்டுக் குழாயில் எந்தத் தண்ணீர் வர வேண்டும் என்று முடிவு செய்வது யார்? பெரும்பாலும் ஊராட்சியோ நகராட்சியோதான். அப்படி எடுத்த முடிவுகள் பிள்ளைகளின் பல்லில் தெரிந்த கதை ஒன்று அமெரிக்காவில் உண்டு.

ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்று ஒரு சின்ன ஊர். சுமார் 8 கிலோமீட்டர் தள்ளியிருந்த வெதுவெதுப்பான ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்டார்கள். கொஞ்ச காலத்தில் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை தெரிந்தது. 1923-இல் ஃபிரடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் அங்கே போய்த் தண்ணீரைச் சோதித்தார். குறை எதுவும் தென்படவில்லை. ஆனால், குழாய் வந்த பிறகுதானே கறை வந்தது? “வேறு ஊற்றுக்கு மாறிவிடுங்கள்” என்று ஊர்த் தலைவர்களிடம் சொன்னார். ஊரும் மாறியது. சில ஆண்டுகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கறையில்லாத பற்கள் முளைத்தன.

பெரிய பிள்ளைகளின் கறை ஏன் போகவில்லை? பல்லை மூடியிருக்கும் எனாமல், பல் ஈறுக்குள் இருக்கும்போதே உருவாகிவிடும். அந்த வயதில் குடித்த தண்ணீர்தான் கணக்கு.

கறைக்குக் காரணம் தண்ணீரில் மிகுதியாக இருந்த ஃப்ளோரைடு என்பது 1931-இல் தெரிந்தது. இன்னொரு விந்தையும் இருந்தது: கறை படிந்த பற்களில் சொத்தை குறைவு! டிரென்ட்லி டீன் என்ற ஆய்வாளர் பல ஊர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருந்தால் சொத்தை குறைகிறது, கறையும் அவ்வளவாக இல்லை என்று கண்டார்.

ஃப்ளோரைடு குறைவான ஊரில் அதைச் சேர்த்துப் பார்க்கலாமா? 1944-இல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகர மன்றம் வாக்களித்துச் சம்மதித்தது. 1945 ஜனவரி 25 அன்று வேலை தொடங்கியது. பக்கத்து ஊரான மஸ்கீகனில் மட்டும் எதையும் சேர்க்கவில்லை. ஏன் தெரியுமா? சொத்தை குறைந்தால், அது ஃப்ளோரைடாலா, வேறு காரணத்தாலா என்று கண்டுபிடிக்க வேண்டுமே! அதற்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஊர் தேவை.

கிராண்ட் ராப்பிட்ஸில் சொத்தை குறைவதைப் பார்த்த மஸ்கீகன், ஆய்வு முடியும்வரை காத்திருக்கவில்லை. 1951-இல் தானும் ஃப்ளோரைடு சேர்த்துக்கொண்டது. ஆய்வுக்கு அது இழப்புதான். ஆனால், தன் பிள்ளைகளுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அந்த ஊருக்கு உண்டல்லவா? கிராண்ட் ராப்பிட்ஸில் 1945-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குச் சொத்தை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது.

எல்லா ஊருக்கும் இதே முடிவு பொருந்தாது. இப்போது பல பற்பசைகளிலேயே ஃப்ளோரைடு இருப்பதால், தண்ணீரிலும் சேர்க்க வேண்டுமா என்று பல நகரங்களில் விவாதம் நடக்கிறது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலோ பல இடங்களில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம். அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அங்கே காவிரி நீரைக் கொண்டுசேர்க்கிறது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். வாக்காளர் எல்லாரும் அதில் பேசலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று கூட்டத்துக்குப் போகும் அம்மாவிடமோ தாத்தாவிடமோ ஒரு கேள்வி கொடுத்தனுப்புங்கள்: “நம் ஊர்த் தண்ணீரைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள்? அதில் ஃப்ளோரைடு எவ்வளவு?”