மருந்து செல்லும் வழி

தலை வலிக்கிறது. ஆஸ்பிரின் மாத்திரை ஒன்றை வாயிலிட்டு ஒரு குவளை தண்ணீர் அருந்துகிறோம். அரைமணி அல்லது முக்கால் மணி நேரத்தில் வலி குறைகிறது. வலி இருந்த இடம் தலை. மாத்திரை சென்ற இடமோ வயிறு. வயிற்றில் விழுந்த மாத்திரைக்குத் தலையில் வலி என்று சொன்னவர் யார்? சிறுவர்கள் கேட்கும் இந்தக் கேள்வியைப் பெரியவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டு விடை கண்டால், 'உணவுக்குப் பின்', 'எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை', 'ஆறு மாதம் வரை' என்று மருத்துவர் சீட்டில் எழுதும் சொற்களின் பொருள் நன்கு விளங்கும். அப்பொருள் விளங்காமையால் மருந்தை வீணாக்கியவர்களும் உண்டு. உயிரையே இழந்தவர்களும் உண்டு. ஆதலால் அம்மாத்திரையின் பின்னே நாமும் சிறிது தூரம் சென்று பார்ப்போம்.

விழுங்கிய மாத்திரை முதலில் இரைப்பையை அடைகிறது. அங்குள்ள நீரிலும் அமிலத்திலும் ஊறி உடைந்து கரையத் தொடங்குகிறது. கரையாத மருந்து உடலுக்குள் புக இயலாது. மாத்திரையைப் போதிய தண்ணீருடன் விழுங்க வேண்டும் என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். இரைப்பையிலிருந்து மருந்து சிறுகுடலுக்குச் செல்கிறது. மருந்துகளில் பெரும்பாலானவை இரத்தத்தில் கலக்கும் இடம் இதுவே. வளர்ந்த மனிதரின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம் உடையது. அதன் உட்சுவர் மடிப்பு மடிப்பாக அமைந்து, மடிப்புகளின்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய விரல்கள் போன்ற உறிஞ்சிகள் நெருங்கி நிற்கின்றன. இவையனைத்தையும் விரித்துப் பரப்பினால் சுமார் 30 சதுர மீட்டர், அதாவது ஓர் அகன்ற கூடத்தின் தரையளவு இருக்கும் என்று அளந்திருக்கிறார்கள். அத்தனை பரப்பிலும் மருந்து பட்டு, மெல்லிய சுவரைக் கடந்து இரத்தக் குழாய்களுக்குள் புகுகிறது.

குடலில் மருந்து தனித்திருப்பதில்லை. நாம் உண்ட உணவும் உடன் இருக்கிறது. இரண்டும் சில வேளைகளில் ஒன்றோடொன்று பிணைந்துவிடுவதுண்டு. டெட்ராசைக்ளின் என்னும் மருந்தைப் பாலுடன் உட்கொண்டால், பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து அம்மருந்தைப் பற்றிக்கொள்ளும். மருந்தின் பெரும்பகுதி இரத்தத்தை அடையாமலே வெளியேறிவிடும். இரத்தசோகைக்காகக் கருவுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். அதைத் தேநீருடன் உட்கொண்டால் தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிணைத்து வைத்துக்கொள்ளும். மாத்திரை தவறாமல் உட்கொண்டும் இரத்தம் ஊறவில்லையே என்று வருந்தும் பெண்மணி, குற்றம் மாத்திரையில் இருக்கிறதா, தேநீரில் இருக்கிறதா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேறு சில மருந்துகளுக்கு இவ்வழியே அடைபட்டிருக்கிறது. நீரிழிவு நோயர்க்கு உயிர் காக்கும் இன்சுலின் ஒரு புரதம். பருப்பையும் மீனையும் செரிப்பது போலவே, வயிறு அதையும் உணவாகக் கருதிச் செரித்துவிடும். ஆகவேதான் 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலினைத் தந்தபோது ஊசியின் வழியே செலுத்தினார்கள். நூறாண்டு கடந்த பின்னும் பெரும்பாலோர்க்கு அதுவே வழியாக இருந்து வருகிறது.

சிறுகுடலில் இரத்தத்தோடு கலந்த மருந்து நேரே இதயத்துக்குச் செல்வதில்லை. குடலிலிருந்து வரும் இரத்தம் முழுவதும் முதலில் கல்லீரலுக்குள் புகுந்தே வெளிவர வேண்டும். கல்லீரல் ஒரு சுங்கச் சாவடி போன்றது. புதிதாக வந்த பொருள்களைச் சோதித்து, பலவற்றை உருமாற்றி, வலிமை குறைத்தே உள்ளே விடுகிறது. மார்பு வலிக்குத் தரும் கிளிசரில் டிரைநைட்ரேட் என்னும் மருந்தை விழுங்கினால், அதன் பெரும்பகுதியைக் கல்லீரல் அழித்துவிடும். நாவின் அடியில் வைத்தால் அங்குள்ள மெல்லிய தோலின் வழியாக இரத்தத்தில் நேரே கலந்து, கல்லீரலைத் தொடாமலே இதயத்தை அடையும். சில நிமிடங்களில் வலி தணியும். நாவின் அடியில் வைக்கச் சொன்ன மருந்தை அவசரத்தில் விழுங்கிவிடுபவர், உரிய நேரத்தில் கிடைத்திருக்க வேண்டிய உதவியை இழக்கிறார்.

கல்லீரலின் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. காய்ச்சலுக்கு நாம் எளிதாக உட்கொள்ளும் பாரசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். கல்லீரல் அதை உருமாற்றும்போது ஒரு சிறு பகுதி நச்சுப் பொருளாகிறது. அளவோடு உட்கொண்டால், அந்நஞ்சை முறிக்கும் பொருள் கல்லீரலில் போதிய அளவு இருக்கிறது. அளவு மீறினால் அப்பொருள் தீர்ந்து, நஞ்சு கல்லீரலையே தாக்குகிறது. இம்மருந்து கடைகளில் பல பெயர்களில் விற்கப்படுகிறது. சளி மருந்துகள் சிலவற்றிலும் கலந்திருக்கிறது. ஒரே மருந்தை இரண்டு பெயர்களில் வாங்கி, இரண்டையும் உட்கொண்டு துன்புறுவோர் உண்டு. மேலட்டையில் பெரிதாக உள்ள பெயரை மட்டும் பாராமல், அருகே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரையும் படிப்பது நலம்.

கல்லீரலைக் கடந்த மருந்து இதயத்தை அடைகிறது. ஓய்வாக இருக்கும்போதும் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. நம் உடலில் உள்ள இரத்தத்தின் அளவும் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே ஓரிரு நிமிடங்களில் மருந்து உச்சி முதல் உள்ளங்கால் வரை பரவிவிடுகிறது. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. மாத்திரைக்கு எவரும் வழி சொல்லவில்லை. அது தலையைத் தேடிச் செல்லவும் இல்லை. அது எங்கும் செல்கிறது. தனக்குப் பொருத்தமான இடத்தைக் கண்டபோது அங்கே வேலை செய்கிறது.

பொருத்தமான இடம் என்பது யாது? நம் உயிரணுக்களின் மேலும் உள்ளும் குறிப்பிட்ட வடிவம் கொண்ட புரதங்கள் இருக்கின்றன. பூட்டுக்கு ஏற்ற சாவி பொருந்துவது போல, மருந்தின் நுண்ணிய துகள் அவற்றில் பொருந்துகிறது. சில சாவிகள் பூட்டைத் திறக்கின்றன. சில, துளையில் நுழைந்து நின்றுகொண்டு வேறு சாவி புகாதபடி தடுக்கின்றன. ஆஸ்பிரின் தடுக்கும் வகையைச் சேர்ந்தது. அது 1899 முதல் விற்பனையில் இருந்தும், செயல்படும் முறை நெடுங்காலம் தெரியாதிருந்தது. 1971-இல் இங்கிலாந்தின் ஜான் வேன் அதை விளக்கினார். உடலில் ஓரிடம் புண்பட்டால் அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் சுரந்து வலியை மிகுவிக்கிறது. அதை உண்டாக்கும் நொதியை ஆஸ்பிரின் முடக்கிவிடுகிறது. இக்கண்டுபிடிப்புக்காக அவர் 1982-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரானார்.

இனி, அதே பொருள் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் பணியையும் செய்கிறது. தலைவலியைத் தணித்த ஆஸ்பிரின் அங்கேயும் சென்று அக்காவலைக் குறைக்கிறது. வெறும் வயிற்றில் அதை அடிக்கடி உட்கொள்வோர்க்கு வயிற்றில் புண் உண்டாவது இதனால்தான். இரத்தம் உறைவதற்கு உதவும் நுண்தட்டுகளையும் அது செயலிழக்கச் செய்கிறது. இதய நோயர்க்கு அது நன்மை. டெங்குக் காய்ச்சல் கண்டவர்க்கோ இரத்தக் கசிவை மிகுவித்துத் தீமை செய்யக்கூடும். மருந்துக்கு நல்விளைவு, பக்கவிளைவு என்ற இரு வேறு குணங்கள் இல்லை. ஒரே செயல் ஓரிடத்தில் வேண்டியதாகவும் மற்றோரிடத்தில் வேண்டாததாகவும் அமைகிறது. இதனால்தான் ஒருவர்க்கு எழுதித் தந்த மருந்தை மற்றவர் வாங்கி உண்பது தகாது.

உள்ளே வந்த மருந்து நிலைத்து நிற்பதும் இல்லை. கல்லீரல் அதைச் சிதைத்துக்கொண்டே இருக்கிறது; சிறுநீரகங்கள் வடித்து வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. இவ்வுண்மையை மருத்துவ உலகுக்கு நெஞ்சை உருக்கும் வகையில் உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1941 பிப்ரவரியில், ஆக்ஸ்போர்டில் ஹோவர்டு புளோரியின் குழுவினர், கிருமிகள் தாக்கி முகமெல்லாம் சீழ் கட்டிய நிலையில் இருந்த காவலர் ஒருவருக்குப் பெனிசிலின் செலுத்தினார்கள். சில நாட்களில் காய்ச்சல் இறங்கியது. அவர் உணவு கேட்டு உண்ணவும் தொடங்கினார். ஆனால் உலகில் அன்று இருந்த பெனிசிலின் மிகச் சிறிது. செலுத்திய மருந்தைச் சிறுநீரகங்கள் விரைந்து வெளியேற்றின. அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்திப் பார்த்தார்கள். ஐந்து நாட்களில் அதுவும் தீர்ந்தது. எஞ்சியிருந்த கிருமிகள் மீண்டும் பெருகின. மார்ச் மாதத்தில் அவர் இறந்தார். மருந்து பயனற்றதாக இருந்து அவர் இறக்கவில்லை. நோய் முற்றும் நீங்குமுன் மருந்து நின்றுபோனதால் இறந்தார்.

பெனிசிலின் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. நூறு பங்கு ஐம்பதாகும், ஐம்பது இருபத்தைந்தாகும், ஐந்து முறை இவ்வாறு பாதியானால் மூன்று பங்கே எஞ்சும். மருந்துக்கு மருந்து இக்கால அளவு வேறுபடும். விரைவில் குறையும் மருந்துகள் பலவற்றை நாளைக்கு மூன்று நான்கு முறை தர வேண்டியிருக்கிறது. மெல்லக் குறைபவற்றுக்கு ஒருமுறையே போதும். மருந்தின் அளவு ஓர் எல்லைக்குக் கீழே சென்றால் பயன் இல்லை. மற்றோர் எல்லைக்கு மேலே சென்றால் தீங்கு. இவ்விரு கரைகளுக்கிடையே வெள்ளத்தை ஓடச் செய்வதே மருத்துவர் குறிக்கும் நேரக் கணக்கு. ஒருவேளை மறந்ததற்கு ஈடாக அடுத்த வேளை இரண்டு மாத்திரைகளை உட்கொள்வது, வறண்ட வாய்க்காலில் கரை உடையும்படி நீர் விடுவதற்கு ஒப்பாகும்.

நம் சென்னை இத்துறையில் உலகுக்கு அளித்த பாடம் ஒன்று உண்டு. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலகச் சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து இந்நகரில் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. காசநோயர் சுகவாச விடுதிகளில் ஓய்வும் நல்லுணவும் பெற்றாலன்றிப் பிழையார் என்பது அக்கால நம்பிக்கை. இந்நிலையத்தார் நோயர்களில் ஒரு சாராரை விடுதியில் வைத்தும், மற்றொரு சாராரை நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருக்கச் செய்தும், இரு சாரார்க்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு தந்தார்கள். 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தோரும் ஏறத்தாழ விடுதியினரைப் போலவே குணமடைந்திருந்தனர். அங்கு ஒருவர் மருந்தை உட்கொண்டாரா என்று அறிய அவருடைய சிறுநீரைச் சோதிப்பதும் வழக்கமாக இருந்தது. மருந்துப் பெட்டியில் மாத்திரை குறைவதும் உடலுக்குள் மருந்து செல்வதும் வேறு வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அந்த ஆராய்ச்சிகளில் மற்றொன்றும் தெளிவாயிற்று. ஐசோனியசிட் என்னும் காசநோய் மருந்தைச் சிலருடைய உடல் விரைந்து மாற்றிவிடுகிறது. சிலருடைய உடல் மெல்ல மாற்றுகிறது. இது பிறவியிலேயே அமைந்த வேறுபாடு. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் மருந்து தந்தபோது, விரைந்து மாற்றுவோர் குறைவாகவே குணமடைந்தனர். மெல்ல மாற்றுவோர்க்கோ கை கால்களில் எரிச்சல் போன்ற துன்பங்கள் மிகுதி. அண்டை வீட்டாருக்கு ஒத்துக்கொண்ட அளவு நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று முடிவு கட்டுவது எவ்வளவு பிழை என்பதற்கு இது சான்று.

காசநோய்க்கு மருந்து உண்ணத் தொடங்கிய சில வாரங்களில் இருமல் அடங்கும், பசி எடுக்கும், உடல் தேறும். குணமாகிவிட்டோம் என்று பலர் மருந்தை நிறுத்துவது இக்கட்டத்தில்தான். விரைந்து பெருகும் கிருமிகள் அழிந்திருக்கலாம். ஆயின் உறங்குவன போல் ஒடுங்கிக் கிடக்கும் கிருமிகள் நுரையீரலில் எஞ்சியிருக்கும். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம் நீள்வது அவற்றுக்காகவே. இடையில் விட்டால் அவை எழுந்து பெருகும். முறையின்றி விட்டுவிட்டு உட்கொண்டால் மருந்துக்கு அடங்காதனவாகவும் மாறும். அத்தகைய கிருமி நோயரோடு நிற்பதில்லை. அவருடைய வீட்டிலுள்ள குழந்தையையும் சென்று பற்றும்.

ஆக, மருந்தின் பயன் நாம் விழுங்கிய அளவைப் பொறுத்தது அன்று. இரத்தத்தை அடைந்த அளவையும், அங்கே அது நின்ற காலத்தையும் பொறுத்தது. முன் பாதி மருத்துவரின் அறிவால் நடைபெறுகிறது. பின் பாதி நம் ஒழுங்கால் நடைபெறுகிறது. எதனுடன் உண்பது, எப்பொழுது உண்பது, எத்தனை நாள் உண்பது என்னும் மூன்றையும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வதில் வெட்கம் ஏதுமில்லை. துன்பம் தோன்றினால் நாமாக நிறுத்திவிடாமல் அவரிடமே சென்று சொல்ல வேண்டும். 1941-இல் ஆக்ஸ்போர்டுக் காவலருக்கு ஐந்து நாளுக்கு மேல் கிடைக்காத மருந்து, இன்று நம் தெருக்கோடிக் கடையில் கிடைக்கிறது. அதை முறையாகவும் முழுமையாகவும் உட்கொள்வது மட்டுமே நம் பொறுப்பில் உள்ளது.