சொல்லின் நீளமும் ஞாபகத்தின் எல்லையும்

கேட்ட எண்களை ஒழுங்கு மாறாது உடனே திருப்பிச் சொல்லும் ஆற்றல், நுண்மதிச் சோதனைகளில் ஓர் அளவுகோலாகக் கொள்ளப்பட்டு வருகின்றது. இவ்வளவுகோல் எல்லா மொழியினர்க்கும் நீதி செய்கின்றதா என்பதே நாம் இங்கு எழுப்பும் வினாவாகும்.

பிரித்தானிய உளவியலாளரான அலன் பட்லி, 1974இல் கிரஹாம் ஹிச்சுடன் இணைந்து, குறுங்கால ஞாபகத்தைத் தொழிற்படும் ஞாபகமாக விளக்கினார். நீண்ட சொற்கள் குறுகிய சொற்களிலும் குறைவாகவே நினைவில் நிற்கின்றன என்பதை, 1975இல் அவரும் சக ஆய்வாளரும் வெளியிட்ட பரிசோதனைகள் காட்டின. ஒலிச்சுவடு விரைவில் மங்குவது. மனத்துள் மீள மீள உச்சரிப்பதனாலேயே அது நிலைக்கின்றது. ஆதலின், ஏறத்தாழ இரண்டு விநாடிகளில் உச்சரிக்கத்தக்க அளவே நினைவில் தங்குகின்றது.

வேல்ஸ் மொழி எண்பெயர்களை உச்சரிக்க, ஆங்கில எண்பெயர்களிலும் கூடுதலான நேரம் செல்கின்றது. 1980இல் எலிஸ், ஹென்னெலி ஆகிய இருவரும் இருமொழியாளரைச் சோதித்தபோது, அவர்கள் ஆங்கிலத்திலும் பார்க்க வேல்ஸ் மொழியில் குறைவான எண்களையே நினைவிற் கொண்டனர். வேறு ஒலிகளை இடைவிடாது உச்சரிக்கச் செய்து மனத்துள் உச்சரிப்பதைத் தடுத்தபோது, அவ்வேறுபாடு மறைந்தது.

எனவே, வேல்ஸ் மொழிப் பிள்ளை இச்சோதனையிற் பெறும் குறைந்த புள்ளிக்கு அதன் மதியைக் குறைகூற இயலாது. ஒரு மொழியில் வகுத்த நியமங்களைப் பிறமொழிப் பிள்ளைகள்மீது அவ்வாறே சுமத்துதல் விஞ்ஞானமாகாது என்பதே எமது முடிபு.